பேச்சிப்பாறைக்குப் போகாத பதிப்பு

ரம்யாவுக்கும் ஜெனிஷுக்கும்,

திங்கட்கிழமை முதல் கோர்ட் நோட்டீஸ் மேசை உங்களுடையது. எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்ததும், வேறு வேலை கிடைக்கும் வரை ஆறு மாதம் இருக்கலாம் என்று இந்த விளம்பர அலுவலகத்தில் சேர்ந்தேன். ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போகிறேன். முப்பது வயதில், ஓய்வு பெறுகிறவள் மாதிரி அறிவுரைக் கடிதம் எழுதுவது எனக்கே கொஞ்சம் அதிகமாகத் தோன்றுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கட்டண விவரம், எந்தப் பதிப்புக்கு எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும், வக்கீல் அலுவலகங்களின் எண்கள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. இரண்டு நாளில் பழகிவிடும். அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை.

வேலை என்னவென்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு வழக்கில் எதிர்த் தரப்பு ஆளுக்குச் சம்மன் கொடுக்க அமீனா என்ற கோர்ட் ஊழியர் போகிறார். வீடு பூட்டியிருக்கிறது, அல்லது ஆள் எங்கே போனார் என்று தெரியவில்லை. இரண்டு மூன்று முறை இப்படித் திரும்பி வந்தால், பத்திரிகையில் நோட்டீஸ் வெளியிடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும். இன்ன தேதியில், இன்ன நேரத்துக்கு நீங்கள் ஆஜராகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே வழக்கு முடிக்கப்படும் என்று அதில் இருக்கும். அந்த நோட்டீஸை நாம் வெளியிட்டு, பத்திரிகைப் பிரதியும் பில்லும் கொடுக்கிறோம். வக்கீல் அவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார்.

முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, நோட்டீஸுக்குப் பணம் கட்டுபவர் வழக்குப் போட்டவர்.

இரண்டு, நோட்டீஸை வாசிக்க வேண்டியவர் இன்னொருவர். அவர் நமக்கு ஒரு பைசாவும் தருவதில்லை. நாம் அவரைப் பார்ப்பதும் இல்லை.

மூன்று, பணம் கட்டுபவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நோட்டீஸ் யார் கண்ணிலும் படாமல் போனால் சந்தோஷம்.

மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரர் ஒருவர் தம்பிமார் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, யாருமே வாசிக்காத பேப்பரா ஒண்ணு சொல்லு.”

“பேப்பர் பெயரை கோர்ட்டே உத்தரவுல போட்டிருக்கு, சார்.”

“சரி, அதுல யாரும் பாக்காத பக்கம்?”

“பக்கம் பேப்பர்காரங்கதான் முடிவு பண்ணுவாங்க.”

“அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுராத. அன்னைக்குத்தான் வேல வெட்டி இல்லாம எல்லாவனும் பேப்பரு வாசிக்கான்.”

சிரித்துக்கொண்டே செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்துகொடுத்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. உத்தரவில் கிழமை சொல்லப்படவில்லை. அந்த நாட்களில் நான் இப்படித்தான் யோசிப்பேன். உத்தரவில் என்ன இருக்கிறது, அது நிறைவேறிவிட்டதா, அடுத்தது.

விஜிலா அக்காவின் வழக்கு வந்தது அப்போதுதான்.

அவரை அழைத்து வந்தவர் சிவதாணு அண்ணாச்சி, வக்கீல் குமாஸ்தா. சுசீந்திரத்துக்காரர். நானும் சுசீந்திரம் என்பதால் ஊர் உரிமையில் என்னை ‘ஏட்டி’ போட்டுக் கூப்பிடுவார். விஜிலா அக்கா குலசேகரம் பக்கத்தவர், மஸ்கட்டில் நர்ஸ். அவருடைய அக்காள் ஷீலா இறந்து ஒன்பது ஆண்டுகள். அக்காளின் மகள் அபிஷாவுக்குத் தாய் இறந்தபோது வயது மூன்று. அப்பா செல்வதாஸ் பேச்சிப்பாறைக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுத் தொழிலாளி. மனைவி இறந்த சில மாதங்களில் பிள்ளையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போனவர், திரும்ப வரவில்லை. விஜிலா அக்கா மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்ப, அவருடைய அம்மா பிள்ளையை வளர்த்தார். அந்த ஆண்டு அம்மாவும் காலமாகிவிட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வீட்டில் யாரும் இல்லை.

தன்னைப் பிள்ளைக்குக் காப்பாளராக நியமிக்க வேண்டும், தன்னோடு வெளிநாடு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டும் என்று விஜிலா அக்கா மனுப் போட்டிருந்தார். அப்பா உயிரோடு இருப்பதால் அவருக்குத் தெரிவிக்காமல் உத்தரவு கிடைக்காது. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு அமீனா இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டார். ‘எதிர்மனுதாரர் கடைசியாக வசித்த பகுதியில் புழங்கும் தமிழ் நாளிதழில்’ வெளியிட வேண்டும் என்று உத்தரவாகி, பத்திரிகையின் பெயரும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது.

“எனக்கு மொத்தம் ஏழு ஆழ்ச்சதான் லீவு, மக்களே,” என்றார் விஜிலா அக்கா. அவர் ஊர்ப் பேச்சில் ஆழ்ச்ச என்றால் வாரம், கொச்சு என்றால் பிள்ளை. “ஒரு ஆழ்ச்ச போயாச்சு. ஆர்டர் கிட்டல்லன்னா கொச்ச ஹாஸ்டல்ல போட்டுட்டுத்தான் நான் பிளேன் ஏறணும். அவ ஹாஸ்டல்னு கேட்டதும் சோறு உண்ணமாட்டேங்கிறா. எல்லாம் நடக்கும்லா?”

“நடக்கும் அக்கா,” என்றேன். அவ்வளவு உறுதியாக நான் சொன்னதற்குக் காரணம் என் அட்டவணை.

அந்த அட்டவணையை நானே செய்தேன். சேர்ந்த புதிதில், ஒவ்வொரு நோட்டீஸுக்கும் பழைய பில்களைப் புரட்டுவதைப் பார்த்து எரிச்சலாகி, மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்தது. தாலுகாவின் பெயரைத் தட்டினால் பதிப்பு, கட்டணம், கடைசி நேரம் மூன்றும் வந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தாலுகா எதைத் தட்டினாலும் நாகர்கோவில் பதிப்பு என்றே வரும். மாவட்டத்தின் தலைநகரில் அச்சாகும் பதிப்பு மாவட்டம் முழுவதும் போகும் என்று நினைத்தேன். எங்கள் சுசீந்திரம் வீட்டுக்கு அதுதான் வருகிறது. யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

நோட்டீஸ் வந்தது. பிரதியும் பில்லும் கொடுத்தேன். விஜிலா அக்கா பணம் கட்டினார். வாய்தா நாளில் பதினொன்றரை மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார்.

“ஏட்டி, நீ போட்ட பேப்பரு மலைக்குப் போகாதாம்லா!”

“எந்த மலைக்கு அண்ணாச்சி?”

“பேச்சிப்பாறைக்கு, ஏட்டி! ஜட்ஜ் ஐயா பேப்பரக் கையில வாங்கிப் பாத்துக்கிட்டு இருக்காரு. பக்கத்துல நிக்க பெஞ்ச் கிளார்க்கு இருக்கான்லா, அவன் குலசேகரத்துக்காரனாக்கும். எட்டிப் பாத்துட்டு, ‘ஐயா, நானும் இதே பேப்பருதான் வாங்குகேன், அன்னைக்கு எனக்க வீட்டுல வந்த பேப்பர்ல இது இல்ல’ங்கான். அவன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எங்க பக்கமெல்லாம் திருவனந்தபுரம் பதிப்புதான் வரும்னு வெளக்கம் வேற. ஐயா எங்க வக்கீலப் பாத்தாரு, வக்கீல் என்னப் பாத்தாரு. நான் யாரப் பாக்க?”

அந்தப் பகுதிக்குப் போகும் பதிப்பில் மறுபடி வெளியிடச் சொல்லி, மூன்று வாரம் தள்ளி வாய்தா போட்டுவிட்டார்கள்.

போனை வைத்ததும், பேச்சிப்பாறைக்குப் போகும் வழியிலுள்ள குலசேகரத்தில் அந்தப் பத்திரிகையின் ஏஜெண்டைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “நாகர்கோவில் கட்டு இஞ்ச வாறதில்ல. திருவனந்தபுரம் கட்டுதான் களியக்காவிள வழியா வெளுப்பாங்காலத்த அஞ்சு மணிக்கு வந்து சேரும்.”

“எப்ப முதல்?”

“நான் ஏஜென்சி எடுத்த காலம் முதலே அப்பிடித்தான். ஏன், இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே?”

அதுதான் விஷயம். ஐந்து ஆண்டுகளாக அட்டவணை சரியாக வேலை செய்தது என்று நான் நினைத்தது, யாரும் கேள்வி கேட்காததால். மலையடிவாரத்து ஊர்களுக்கு அதற்கு முன் நான் போட்ட நோட்டீஸ்களை அன்று மாலையே பட்டியல் எடுத்தேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வக்கீல் அலுவலகத்துக்கும் கடிதம் அனுப்பினேன். இருவர் பதில் போட்டார்கள், ஒருவர் திட்டினார், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் கோப்பில் இருக்கிறது. யாராவது எப்போதாவது வந்து கேட்டால் மறைக்காமல் கொடுங்கள்.

சாயங்காலம் அண்ணாச்சி நேரில் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, யோசனை இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

“மக்கா, ஒரு வழி இருக்கு. மூணு வாரம்லாம் வேண்டாம். நாகர்கோவில் பதிப்பும் அந்தப் பகுதிக்குப் போகுதுன்னு உங்க லெட்டர் பேடுல ரெண்டு வரி எழுதிக் குடு. நாளைக்கே மனுப்போட்டு வாய்தாவ முன்னுக்கு இழுத்துருவோம்.”

“போகாது, அண்ணாச்சி. ஏஜெண்டே சொல்லிட்டார்.”

“ஒரு காப்பி போகாதா? பஸ்ஸுல எவனாவது வாசிச்சிட்டே போவாம்லா? டேமு பாக்கப் போறவன் சீட்டுல போட்டுட்டு எறங்குவான். போனது போனதுதானே!”

“அப்ப பஸ்ல போற அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. அவர் கையெழுத்துப் போடட்டும்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், “அந்தப் பொம்பளைக்கு லீவு முடியுகு, கேட்டியா. பிள்ள பாவம்லா,” என்றார்.

அவர் தன் லாபத்துக்காகக் கேட்கவில்லை. பிறருக்கு நல்லது செய்வதற்காகக் கேட்கப்படும் பொய்தான் இந்த மேசையில் உங்களை அதிகம் சோதிக்கும். லஞ்சம் கொடுக்க வருபவரை அனுப்பிவிடுவது எளிது. எனக்கு உதவியது நல்ல குணம் ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிறவர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நீதிபதி, பெஞ்ச் கிளார்க், எதிர்காலத்தில் செல்வதாஸுக்காக வரக்கூடிய வக்கீல். மூன்றாவது ஆள் அதை ஒரே நாளில் கிழித்துவிடுவார். கிழிந்தால் காப்பாளர் உத்தரவும் சேர்ந்து கிழியும். அப்போது அபிஷா மஸ்கட்டில் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். “வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ,” என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டா என்று தெரியவில்லை.

முதலாளியிடம் போய், தப்பு நம்முடையது, இரண்டாவது வெளியீட்டுக்கு அந்த அம்மாவிடம் பணம் வாங்கக் கூடாது என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். “நம்ம தப்புன்னா நம்ம செலவுதான். நம்மன்னா அதுல நீயும் உண்டு,” என்றார். மூன்று மாதச் சம்பளத்தில் பிரித்துப் பிடித்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். நியாயமாகத்தான் இருந்தது.

விஜிலா அக்காவிடம் சொல்வதுதான் கடினம். போனில் சொல்லாமல் வரச் சொன்னேன். சாக்கு எதுவும் வைக்காமல், “நான் சரிபார்க்கவில்லை” என்றேன். அவர் திட்டவில்லை. கைப்பையிலிருந்து சின்ன நாட்காட்டியை எடுத்து, விரலால் நாட்களைத் தொட்டுக்கொண்டே போனார். புதிய வாய்தாவுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஆறு நாள்.

“இனி ஒரு வாய்தா கூட நீளப்படாது,” என்றார். “அவன் வரல்லன்னா அன்னைக்கே ஆர்டர் ஆயிரும்னு வக்கீல் சொல்லுதாரு. அவன் வரமாட்டான். ஒம்பது வருசம் வராதவன், பேப்பரப் பாத்தா வரப்போறான்?”

திருவனந்தபுரம் பதிப்பில் நோட்டீஸ் வந்தது. குலசேகரம் ஏஜெண்டிடம் கேட்டு, அவர் கடைக்கு வந்த பிரதியில் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இருந்தது. என் வேலை முடிந்தது என்று மூச்சுவிட்டேன்.

வாய்தாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய நேரத்தில், கதவருகே ஒருவர் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வெளியில் கழற்றிவிட்டு வந்திருந்தார். கையில் போன்.

“மேடம், பேப்பர்ல பேரு போடுற இடம் இதுதானா? பேப்பர் ஆபீஸ்ல இஞ்ச வரச் சொன்னாங்க.”

“என்ன விளம்பரம்?”

“போடாண்டாம்,” என்றார். “போட்டத எடுத்துக் களையணும். எவ்வளவு பைசா ஆவும்?”

போனை நீட்டினார். பத்திரிகைப் பக்கத்தின் படம். பாதி வெட்டுப்பட்டிருந்தது. ‘செல்வதாஸ்’ என்ற பெயரும், அதற்கு மேல் ‘எதிர்மனுதாரர்’ என்ற சொல்லும், கீழே இரண்டு வரியும் மட்டும் தெரிந்தன. பேச்சிப்பாறையில் கூட வேலை செய்த ஒருவர் டீக்கடையில் பார்த்து அனுப்பியிருக்கிறார். செல்வதாஸ் அப்போது கேரளாவில் நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அச்சானதை எடுக்க முடியாதுங்க,” என்றேன்.

“ஆளுவ கேக்குதாவ மேடம், என்ன கேசு, என்ன கேசுன்னு. எனக்கு ஒண்ணும் அறியாது. பேடியா இருக்கு, ஒரே பயம். போலீஸ் வருமா?”

“வராது.”

“அப்ப நான் போவல்லன்னா என்ன ஆவும்?”

இந்த இடத்தில்தான் நீங்கள் இருவரும் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லியிருந்தால் அது பெரிய பொய்கூட இல்லை. போலீஸ் வராது, அபராதம் கிடையாது. அவர் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பார். மூன்றாம் நாள் அவர் இல்லாமலேயே உத்தரவாகும். விஜிலா அக்கா பிள்ளையோடு விமானம் ஏறுவார். மாறாக, இவர் கோர்ட்டுக்குப் போய், பிள்ளையை அனுப்ப முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னொரு வாய்தா, அதோடு லீவு முடிந்தது. ஏற்கனவே என் தப்பால் மூன்று வாரம் இழந்தவருக்கு நானே இரண்டாவது அடியும் கொடுத்தவளாவேன். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. நான் என்ன சொன்னேன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

பணம் கட்டியவருக்குத்தானே நாம் வேலை செய்கிறோம் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அதற்கு எனக்குக் கிடைத்த பதில் மிகச் சாதாரணமானது. விஜிலா அக்கா பணம் கட்டியது இவருக்குச் சொல்வதற்காக. அதற்குத்தான் பில் போட்டோம். சொல்லாமல் அனுப்பினால் வாங்கிய காசுக்கு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

நாற்காலியைக் காட்டினேன். கோப்பிலிருந்து முழு நோட்டீஸை எடுத்து, முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தேன். ‘மைனர் அபிஷா’ என்ற இடத்தில் அவர் நிமிர்ந்தார்.

“இது கொச்சுக்க காரியமா?”

“ஆமா. உங்க மகளுக்கு அவங்க சித்தி காப்பாளரா இருக்கணும்னு கேட்டிருக்காங்க. வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போக அனுமதியும் கேட்டிருக்காங்க.”

“நான் செலவுக்குக் குடுக்கல்லன்னு கேசு போட்டதாக்கும்னு நினைச்சேன்,” என்றார். “அவளுக்கு இப்ப என்ன வயசு?”

“பன்னிரண்டுன்னு போட்டிருக்கு.”

“பன்னெண்டா,” என்றார். நோட்டீஸை வாங்கி அந்த இடத்தைத் தானே ஒருமுறை பார்த்தார்.

அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விஜிலா அக்காவின் லீவைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, காலை பத்தரை மணி. ஆதார் அட்டை எடுத்து வரவும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அதே வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. போகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே முடிவாகும். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் அண்ணாச்சிக்குச் சொன்னேன். மறைத்து வைப்பது விஜிலா அக்கா பக்கத்துக்குச் செய்யும் அநியாயம் என்று பட்டது. பத்து நிமிடத்தில் விஜிலா அக்கா அழைத்தார்.

“நீ அவன இருத்தி வாசிச்சுக் குடுத்தியா?”

“ஆமா அக்கா.”

“எனக்க பைசால பேப்பர்ல போட்டு, நீ அவனத் தேடிப் பிடிச்சுக் கோர்ட்டுக்கு அனுப்புதியா? ஒம்பது வருசம் அவளுக்குப் பனிக்காய்ச்சலா, பாடமான்னு ஒரு வாக்கு கேக்காதவன். அவன் வந்து மாட்டேன்னு சொன்னா நான் என்ன செய்ய? பிள்ளைக்கு நீ சமாதானம் சொல்லுவியா?”

“அவர் கேட்டார், அக்கா. நோட்டீஸ்ல இருக்கிறதை வாசிச்சேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.”

“அத வாசிக்காமலும் இருந்திருக்கலாம்லா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த மூன்று நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. வாய்தா அன்று பிரதியைக் கொடுக்கும் சாக்கில் நானே கோர்ட்டுக்குப் போனேன். விஜிலா அக்கா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். பக்கத்தில் இரட்டைச் சடையோடு அபிஷா. பத்து மணிக்கே செல்வதாஸ் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மகளை அடையாளம் தெரியாமல் இரண்டு முறை அவளைத் தாண்டிப் போனார். மூன்றாவது முறை விஜிலா அக்காவே, “இதுதான் அபிஷா,” என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தூணருகே போய் நின்றுகொண்டார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதிபதி, மனுவில் கேட்டிருப்பதைப் புரியும்படி சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று செல்வதாஸிடம் கேட்டார்.

“இல்ல ஐயா. அவ நோக்கி வளத்ததுதான். நான் நோக்கல்ல.” குரல் மெதுவாக வந்ததால் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சத்தமாக இன்னொரு முறை சொன்னார். அது அவருக்குச் சுலபமாக இல்லை. “ஒரு காரியம் மட்டும் ஐயா. லீவுக்கு ஊருக்கு வரும்போ ஒருவட்டம் பிள்ளையக் காணணும்.”

நீதிபதி விஜிலா அக்காவைப் பார்த்தார். வக்கீல் எழுந்து ஏதோ சொல்வதற்குள் அவரே, “காட்டுதேன் ஐயா,” என்றார்.

பிள்ளையை நீதிபதி தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். அப்பாவின் வாக்குமூலம் பதிவானது. மறுநாள் உத்தரவு. அவசர நகலுக்கு மனுப்போட்டு, விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு கையில் வாங்கிவிட்டார்கள்.

அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். “ஒண்ணு சொல்லட்டா? அவன் வராம ஆர்டர் ஆகியிருந்தா, நாளைக்கே எவனாவது தூண்டிவிட்டு, எனக்குத் தெரியாதுன்னு வந்து நிப்பான். இப்ப அவன் வாயால சம்மதம்னு சொல்லியாச்சுல்லா. இனி எவனும் அசைக்க முடியாது.” ஒரு வாய் குடித்துவிட்டு, “அதுக்காக இனிமே வாறவன் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டாத, கேட்டியா, எங்க பொழப்பு போயிரும்,” என்றார்.

செல்வதாஸ் மாட்டேன் என்று சொல்லியிருந்தால்? இந்தக் கதையை உங்களுக்கு இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அதே நான்கு வரியைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அன்று நான் முடிவெடுத்தபோது முடிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

விமானத்துக்கு முந்தின நாள் விஜிலா அக்கா அலுவலகத்துக்கு வந்தார், அபிஷாவோடு. எதிரே உட்கார்ந்து, இரண்டு பில்களையும் மேசைமேல் வைத்தார். முதல் பில் அவர் பெயரில். இரண்டாவது பில் அலுவலகத்தின் பெயரில், என் சம்பளக் கணக்கில்.

“மொதல்ல போட்டதுக்கு நான் தந்த பைசாவத் திருப்பித் தா. ரெண்டாவது போட்டதுக்கு நான் தாறேன்.”

“இரண்டுக்கும் ஒரே தொகைதான் அக்கா. நான் கொடுக்கிறதும் நீங்க கொடுக்கிறதும் சரியாப் போயிடும்.”

“அறியும். ஆனா ஆரும் வாசிக்காத பேப்பருக்கு நான் எதுக்கு பைசா தரணும்? அது உனக்க செலவு. அவளுக்க அப்பன் வாசிச்சது இது. இது எனக்க செலவு.” பில்லை என் பக்கம் தள்ளிவிட்டு, “அன்னைக்கு போன்ல நான் சொன்னத மனசுல வைக்காண்டாம்,” என்றார்.

கணக்குப் பிரிவில் முணுமுணுத்தார்கள். எந்த வித்தியாசமும் இல்லாததற்கு எதற்கு இரண்டு ரத்து, இரண்டு புதிய பில் என்று கேட்டார்கள். நான் உட்கார்ந்து மாற்றிக்கொடுத்தேன். அவர் போனில் பணம் அனுப்பினார், நானும் போனில் அனுப்பினேன். இரண்டு போனும் ஒரே நேரத்தில் சத்தமிட, அபிஷா சிரித்துவிட்டாள். புதிய பில்லையும் திருவனந்தபுரம் பதிப்பின் பிரதியையும் விஜிலா அக்கா பாஸ்போர்ட் இருந்த உறைக்குள் வைத்தார்.

அட்டவணையை இப்போது திறந்தால் ஒவ்வொரு ஊருக்கும் நேரே கூடுதலாக மூன்று கட்டங்கள் இருக்கும். அங்கே எந்தப் பதிப்பு வருகிறது, அதை யாரிடம் கேட்டோம், என்றைக்குக் கேட்டோம். பேச்சிப்பாறைக்கு நிரப்பிவிட்டேன். முட்டத்துக்கும் அந்தக் கடற்கரை ஊர்களுக்கும் போன மாதம்தான் கேட்டு முடித்தேன். ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள். வண்டி மாறினால் பதிப்பும் மாறிவிடும்.

கோப்பில் அந்த நாகர்கோவில் பதிப்பின் பில்லைப் பார்ப்பீர்கள். செலுத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். தணிக்கைக்காரர் ஒவ்வொரு முறையும் இது என்னவென்று கேட்பார். விவரத்தைச் சொல்லுங்கள், பில்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.